சிவப்புக் கோடு, நீலக் கோடு: இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுதப் பழக ஆன்லைன் கருவிகள்

சென்னையில் மின்கம்பம், மேம்பாலத் தூண், ஆட்டோவின் முதுகு என்று எங்கே திரும்பினாலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் விளம்பரம் கண்ணில் படும். எழுத்து இங்கிலீஷுக்கு யாரும் அப்படிப் போஸ்டர் ஒட்டுவதில்லை. ஆனால் வேலைக்குப் போன பிறகு நிலைமை தலைகீழ். ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனியில் இருப்பவர் நாள் முழுக்கப் பேசுவது தமிழிலோ தங்கிலீஷிலோதான்; மெயில், சாட், ரிப்போர்ட், லீவ் லெட்டர் என்று எழுதுவது மட்டும் முழுக்க இங்கிலீஷில். பேச்சில் விட்ட பிழை காற்றோடு போய்விடும், மெயிலில் விட்டது நாலு பேருக்கு சிசி ஆகி, ஃபார்வர்டு ஆகி, ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் அப்படியே கிடைக்கும்.

இங்கே பேசப்போவது அந்த எழுத்துப் பக்கத்தைப் பற்றி மட்டும். மொழி கற்பதில் சரளம் ஒன்று, பிழையின்மை ஒன்று. தயங்காமல், தேங்காமல் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவது சரளம். சொன்னதில் இலக்கணமும் எழுத்துக்கூட்டலும் சொற்சேர்க்கையும் சரியாக இருப்பது பிழையின்மை. இந்த இரண்டாவதற்கு இன்று இலவசமாகவே ஏகப்பட்ட கருவிகள் இருக்கின்றன. பலர் அதில் ஒன்றையாவது போனிலோ லேப்டாப்பிலோ வைத்திருக்கிறார்கள். வைத்திருந்தும் வருடக்கணக்காக அதே பிழையை அதே இடத்தில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்று யோசித்தால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை: கருவி கோடு போடுகிறது, நாம் க்ளிக் பண்ணுகிறோம், கோடு மறைகிறது, மெயில் கிளம்பிவிடுகிறது. திருந்தியது மெயில்தான், நாம் இல்லை.

அதனால் கருவிகளின் பட்டியலுக்குப் போகும் முன் பிழையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் செய்த பிரிவு இது, இன்றைக்கும் அதைவிட உபயோகமான ஒன்றை நான் பார்த்ததில்லை. முதல் வகை, தெரிந்தும் அவசரத்தில் விடுவது. விதி தெரியும், கை தவறிவிட்டது. யாராவது சுட்டிக்காட்டினால் "அட, ஆமாம்" என்று நாமே திருத்திவிடுவோம். இதைக் கைப்பிழை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வகையில் நம் மனதில் பதிந்திருக்கும் விதியே வேறு. சுட்டிக்காட்டினால்கூட "இதில் என்ன தப்பு, எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்?" என்று கேட்போம். இது அறியாப்பிழை. கார்டர் இந்த இரண்டாவது வகையைக் கெட்ட விஷயமாகவே பார்க்கவில்லை. கற்பவர் தனக்குள் எந்த மாதிரி ஒரு இங்கிலீஷைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அதுதான் தடயம் என்றார்.

கைப்பிழைக்கு ஒரு க்ளிக் போதும். அறியாப்பிழையை க்ளிக் தொடவே தொடாது, சில சமயம் மறைத்தும் வைத்துவிடும்.

ஒரு மெயிலை எடுத்துப் பார்ப்போம். தமிழ்வழியில் பள்ளி முடித்து, இன்ஜினியரிங் படித்து, வேளச்சேரியில் ரூம் எடுத்துத் தங்கி, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் தன் டீம் லீடுக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "டியர் சார், ஐ ஹேட் கான் டு மை நேட்டிவ் லாஸ்ட் வீக் ஃபார் மை சிஸ்டர்ஸ் மேரேஜ். வி டிஸ்கஸ்ட் அபவுட் தி டெஸ்டிங் வொர்க் பிஃபோர் தட் ஒன்லி. ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட் இன் செகண்ட் மாட்யூல். ஐ நீட் சம் மோர் இன்ஃபர்மேஷன்ஸ். ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்."

சென்னையில் இந்த மெயிலைப் புரிந்துகொள்ளாதவர் ஒருவரும் இருக்க மாட்டார். எழுத்துக்கூட்டல் ஒன்றுகூடத் தப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஏதோ ஒன்று இருக்கிறது, அந்த ஏதோ ஒன்றில் முக்கால்வாசி தமிழிலிருந்து நேராக நடந்து வந்தது.

"போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன்" என்பது நல்ல தமிழ். அந்தப் 'போயிருந்தேன்'தான் அங்கே 'ஹேட் கான்' ஆகியிருக்கிறது. இங்கிலீஷில் இந்த 'ஹேட்' வடிவம் வர, கடந்த காலத்திலேயே இன்னொரு நிகழ்ச்சி பக்கத்தில் இருக்க வேண்டும்: நீங்கள் போன் பண்ணும்போது நான் ஏற்கெனவே ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தேன் என்றால் 'ஹேட் கான்'. வெறுமனே போன வாரம் போனேன் என்றால் 'வென்ட்' போதும். 'பிஃபோர் தட் ஒன்லி' என்பது 'அதற்கு முன்னாடியேதான்'. நம்முடைய 'தான்' எந்தச் சொல்லின் வாலிலும் ஒட்டிக்கொண்டு அழுத்தம் கொடுக்கும்; இங்கிலீஷ் 'ஒன்லி'க்கு அந்த வேலை தெரியாது, 'மட்டும்' என்ற வேலைதான் அதிகம் தெரியும். 'தகவல்கள்' என்று தாராளமாகப் பன்மை போடுகிறோம், அது 'இன்ஃபர்மேஷன்ஸ்' ஆகிவிடுகிறது. இங்கிலீஷ் அந்தச் சொல்லைத் தண்ணீர், மணல் மாதிரி எண்ண முடியாததாக வைத்திருக்கிறது. 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்' எல்லாம் இதே கூட்டம். வேலையைப் 'பற்றி' பேசினோம் என்பதால் 'டிஸ்கஸ்' கூட 'அபவுட்' சேர்ந்துகொண்டது.

சரி, இதை ஒரு திருத்தும் கருவியில் ஒட்டினால் என்ன ஆகும்? 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'டிஸ்கஸ்ட் அபவுட்' இரண்டையும் பெரும்பாலான கருவிகள் பிடித்துவிடும். 'செகண்ட்' முன்னால் 'தி' விட்டுப்போனதையும் பிடிக்கலாம். 'ஹேட் கான்' தப்பித்துவிட வாய்ப்பு அதிகம், ஏனென்றால் தனியாகப் பார்த்தால் அது இலக்கணப்படி சரியான வடிவம்தான், சூழலுக்குத்தான் பொருந்தவில்லை. 'டவுட்' கண்டிப்பாகத் தப்பித்துவிடும். நமக்கு டவுட் என்றால் கேட்டுத் தெளிய வேண்டிய சந்தேகம். லண்டனில் இருக்கும் க்ளையன்ட்டுக்கு டவுட் என்றால் நம்பிக்கையின்மை. உங்கள் மாட்யூல் மேல் எனக்கு நம்பிக்கையில்லை என்று ஒரு ஜூனியர் எழுதினால் அவர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே வேண்டியது 'கொஸ்டின்'. நீங்கள் மனதில் நினைத்தது என்ன என்று கருவிக்குத் தெரியாது, எழுதியது மட்டும்தான் தெரியும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கருவிகளின் பாதி குணம் புரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு, அவை உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிய வேண்டும். ரொம்பப் பழையது எழுத்துக்கூட்டல் சரிபார்ப்பு: கையில் ஒரு சொற்பட்டியல், அதில் இல்லாத சொல்லுக்குச் சிவப்புக் கோடு. மாற்றுச் சொல்லைக் காட்டுவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. விளாடிமிர் லெவன்ஷ்டைன் என்ற ரஷ்யக் கணித அறிஞர் 1965-ல் கொடுத்த அளவு அது. குறைந்த மாற்றத்தில் எட்டக்கூடிய சொல் மேலே வரும். இதன் ஓட்டை என்னவென்றால், தப்பாக அடித்ததும் ஒரு நிஜச் சொல்லாக அமைந்துவிட்டால் கோடு விழாது. 'மேனேஜர்' என்ற சொல்லில் நடுவில் இருக்கும் 'ஏ' எழுத்து ஒன்று விட்டுப்போனால் அது 'மேஞ்சர்' ஆகிவிடும், அதாவது மாட்டுக்குத் தீவனம் போடும் தொட்டி. "டியர் மாட்டுத்தொட்டி" என்று தொடங்கும் லீவ் லெட்டர்கள் இந்த நகரத்தில் தினமும் போய்க்கொண்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'ஃபார்ம்' 'ஃப்ரம்' குழப்பமும், 'லூஸ்' சொல்லில் ஒரு 'ஓ'வா இரண்டு 'ஓ'வா என்ற குழப்பமும் இதே வகை.

அடுத்தது விதிகளை வைத்து ஓடும் இலக்கணச் சரிபார்ப்பு. இந்த வகையில் நான் யாருக்கும் தயங்காமல் சொல்வது லாங்குவேஜ்டூல். டேனியல் நேபர் என்ற ஜெர்மானியர் 2003-ல் தொடங்கியது, திறந்த மூலம், அதாவது உள்ளே இருக்கும் விதிகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், புதிய விதி எழுதிச் சேர்க்கவும் முடியும்; தமிழுக்குக்கூட ஓரளவு ஆதரவு உண்டு. விதிக் கருவியின் நல்ல குணம், ஏன் கோடு போட்டேன் என்று காரணம் சொல்வது. கெட்ட குணம், எழுதி வைக்காத விதியை மீறினால் பேசாமல் இருந்துவிடும். 2009-ல் உக்ரைன்காரர்கள் மூவர் சேர்ந்து தொடங்கிய கிராமர்லியை அநேகமாக எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அது இப்போது விதிகளோடு இயந்திரக் கற்றலையும், அதாவது ஏராளமான எழுத்தைப் பார்த்துத் தானே பழகும் முறையையும் சேர்த்து ஓடுகிறது. வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் தனியாக எதுவும் போடாமலே சிவப்புக் கோடு எழுத்துக்கூட்டலுக்கும் நீலக் கோடு இலக்கணத்துக்கும் வருகிறது. தொடங்குபவருக்கு அதுவே தாராளம்.

இந்த இடத்தில் ஒரு அமைப்பை மறக்காமல் பார்த்துவிடுங்கள். மொழித் தேர்வு அமெரிக்க இங்கிலீஷில் இருந்தால், பள்ளியில் நாம் படித்த 'கலர்', 'சென்டர்' எழுத்துக்கூட்டல் எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு விழும், பிறகு உண்மையான சிவப்பையும் நாம் கண்டுகொள்ள மாட்டோம். பிரிட்டிஷ் அல்லது இந்திய இங்கிலீஷ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். க்ளையன்ட் அமெரிக்கர் என்றால் அப்படியே விடுங்கள்.

கற்பவர்களுக்கென்றே செய்த கருவி ஒன்று இருக்கிறது: கேம்பிரிட்ஜின் ரைட் அண்ட் இம்ப்ரூவ். இலவசம். அங்கேயே தலைப்புகள் கொடுப்பார்கள், எழுதி அனுப்பினால் சில விநாடியில் ஐரோப்பிய மொழித்தர அளவின்படி நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று ஒரு மதிப்பீடு வரும். 2001-ல் ஐரோப்பிய கவுன்சில் வெளியிட்ட அந்த அளவில் ஏ1 அடிப்படி, சி2 உச்சி. எனக்கு இதில் பிடித்தது, எல்லாவற்றையும் தானே திருத்திக் கொடுத்துவிடாமல், பல இடங்களில் வாக்கியத்துக்கு நிறம் பூசி "இங்கே ஏதோ சரியில்லை, பார்" என்று விட்டுவிடுவது. முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தப் பார்ப்பதில்தான் படிப்பு நடக்கிறது.

ஆக, கருவி எங்கே என்று காட்டும். ஏன் என்று தெரிய வேறு இடம் போக வேண்டும், அந்த வேறு இடம் பெரும்பாலும் நல்ல அகராதி. இங்கிலீஷ்-தமிழ் அகராதி இதற்கு உதவாது. அது பொருள் சொல்லும், பழக்கம் சொல்லாது. வேண்டியது மொழி கற்பவர்களுக்கான இங்கிலீஷ்-இங்கிலீஷ் அகராதி. ஆக்ஸ்ஃபோர்டின் அந்த வகை அகராதி இங்கிலீஷ்காரர்களுக்காகப் பிறந்ததே இல்லை: ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அங்கிருக்கும் மாணவர்களுக்காகத் தொகுத்து, 1942-ல் டோக்கியோவில் வந்து, பிறகு 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வெளியானது. லாங்மேன் 1978-ல் இன்னொரு நல்ல காரியம் செய்தது, ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் எழுதிவிட்டது. இவையும் கேம்பிரிட்ஜும் இன்று ஆன்லைனில் இலவசம்.

அகராதியில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவதுதான் நம் வழக்கம். பொருளுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் குட்டியாக ஓர் எழுத்து (சில அகராதிகளில் அதன் முழுச் சொல்) இருக்கும், அதைப் பாருங்கள். பெயர்ச்சொல் பக்கத்தில் 'சி' இருந்தால் எண்ணலாம், 'யு' இருந்தால் எண்ண முடியாது, 'எஸ்' போட்டுப் பன்மை ஆக்காதே என்று அர்த்தம். வினைச்சொல் பக்கத்தில் 'டி' என்றால் அது நேராகச் செயப்படுபொருளைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் 'அபவுட்', 'டு' எதுவும் வேண்டாம். 'டிஸ்கஸ்' பக்கத்தில் அந்த 'டி' இருக்கும். அந்த ஒரே எழுத்தைக் கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டால் மேலே பார்த்த மெயிலில் இரண்டு பிழை பிறந்தே இருக்காது.

அகராதியிலும் தீராத சில சங்கதிகள் உண்டு. வடகிழக்குப் பருவமழை சமயத்தில் செய்தியில் "பலத்த மழை, பலத்த காற்று" என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது நமக்கு. ரெண்டுக்கும் ஒரே 'பலத்த'. அதை மனதில் வைத்து எழுதினால் 'ஸ்ட்ராங் ரெயின்' என்று வரும், இலக்கணக் கோடு ஒன்றும் விழாமலே போகலாம், ஆனால் இங்கிலீஷ்காரர் எழுதுவது 'ஹெவி ரெயின்', 'ஸ்ட்ராங் விண்ட்'. டீக்கும் 'ஸ்ட்ராங்'தான், கிண்டி பாலத்துக்கிட்டே டிராஃபிக்குக்கு 'ஹெவி'. இதற்கெல்லாம் விதி கிடையாது, பழக்கம்தான். எந்தச் சொல் எதோடு சேர்ந்து வாழ்கிறது என்ற கணக்கு. இப்படித்தான் கையெழுத்துப் போடுங்கள் என்பது 'புட் யுவர் சைன்' ஆகிறது, மருந்து சாப்பிட்டேன் என்பது 'ஏட் மெடிசின்' ஆகிறது. அங்கே 'சைன்' என்று ஒரே வினைச்சொல் போதும், மருந்துக்கு 'டுக்'.

இதைத் தெரிந்துகொள்ள கார்பஸ் என்று ஒரு அருமையான வசதி இருக்கிறது, நம்மூரில் மொழியியல் படித்தவர்களைத் தவிர அதிகம் பேர் தொடுவதில்லை. கார்பஸ் என்றால் நிஜமாகவே மனிதர்கள் எழுதியதும் பேசியதுமான வாக்கியங்களைக் கோடிக்கணக்கான சொற்களுக்குச் சேர்த்து, தேடக்கூடிய வடிவில் வைத்திருக்கும் கிடங்கு. பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸில் 10 கோடிச் சொற்கள், அதில் பத்தில் ஒரு பங்கு பேச்சு. அமெரிக்கப் பேராசிரியர் மார்க் டேவிஸ் உருவாக்கிய கோகா என்ற அமெரிக்க இங்கிலீஷ் கார்பஸில் 1990 முதல் 2019 வரையிலான எழுத்தும் பேச்சும் 100 கோடிச் சொற்களுக்கு மேல். ஆனால் கோகாவின் முகப்பைப் பார்த்தால் புதியவருக்குத் தலை சுற்றும், பதிவும் செய்துகொள்ள வேண்டும். தொடங்க ஏற்றது ஸ்கெல். ஸ்கெட்ச் எஞ்சின் நிறுவனத்தார் கற்பவர்களுக்காக இலவசமாக விட்டிருப்பது, பதிவு எதுவும் வேண்டாம், ஒரு பெட்டி, மூன்று பட்டன், அவ்வளவுதான்.

அதில் 'ரெயின்' என்று அடித்து, சொல் எதோடெல்லாம் சேர்ந்து வருகிறது என்று காட்டும் பட்டனை அழுத்துங்கள். எந்தப் பெயரடைகள் கூட வரும், எந்த வினைகள் கூட வரும் என்று வரிசையாகக் கொட்டும். 'ஹெவி' அங்கே இருக்கும். இன்னொரு பட்டன் எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் காட்டும். 'மேரீட் டு'வா 'மேரீட் வித்'தா என்று குழப்பம் வந்தால் இரண்டையும் தனித்தனியாக அடித்து வாக்கியங்களைப் படியுங்கள். தமிழில் 'உடன்' திருமணம் ஆவதால் நமக்கு 'வித்' இயல்பாக வருகிறது. வாக்கியங்களில் மனிதருக்கு முன்னால் 'டு' வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு அது ஒட்டிக்கொள்ளும், யாரோ சொன்ன விதியைவிட நன்றாகவே ஒட்டும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் டிம் ஜான்ஸ் இந்த முறையை 1990-களின் தொடக்கத்திலேயே வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார். விதியை ஆசிரியர் சொல்ல வேண்டாம், தரவைப் பார்த்து மாணவரே துப்பறியட்டும் என்பதுதான் அவர் யோசனை.

அவசரத்துக்குக் கூகுளே ஒரு ஏழைக் கார்பஸ். தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அதே வரிசையில் சொற்கள் வரும் பக்கங்களைக் காட்டும். மறந்துபோன சொல்லுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுப் பார்க்கலாம். ஆனால் அத்தனை லட்சம் முடிவு வந்ததே, அப்போது சரிதான் என்று எண்ணிக்கையை நம்பிவிடக் கூடாது; அந்த எண் தோராயமானது, தவிர நம்மைப் போலவே கற்பவர்கள் எழுதியதும் அதற்குள்தான் கிடக்கிறது. புத்தகங்களில் மட்டும் தேட கூகுளின் என்கிராம் வ்யூவர் இருக்கிறது. இரண்டு தொடரைக் கமா போட்டு அடித்தால், ஆண்டுவாரியாக எது எவ்வளவு புழங்கியது என்று கோடு வரைந்து காட்டும். இது கொஞ்சம் பொழுதுபோக்கும்கூட, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள்.

இனி எல்லாரும் எதிர்பார்க்கும் இடம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு கருவி என்றாலே ஏஐ என்றாகிவிட்டது. மெயிலைக் கொடுத்துச் "சரி பண்ணு" என்றால் அழகாக எழுதித் தந்துவிடும். வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான் என்றால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கற்பதற்கு இதைவிட மோசமான வழி கிடையாது என்றே சொல்வேன், ஏனென்றால் அது எது பிழை, எது வெறும் அலங்காரம் என்று பிரிக்காமல் மொத்தத்தையும் மாற்றிவிடும். உங்கள் ஐந்து வாக்கியத்தில் மூன்று சரியாகவே இருந்திருக்கும், அவையும் காணாமல் போயிருக்கும், நீங்களோ ஐந்துமே தப்பு என்று நினைத்துக்கொள்வீர்கள். மெயிலும் உங்கள் குரலில் இருக்காது. திடீரென்று கவர்னர் மாளிகையிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கும், டீம் லீடுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கேட்கிற விதத்தை மாற்றுங்கள். தமிழிலேயே கேட்கலாம், அதுதான் இதன் பெரிய பலம், பழைய கருவிகளில் கிடைக்காதது. "என் வாக்கியத்தை மாற்றி எழுதாதே. இலக்கணப் பிழை இருக்கும் வாக்கியத்தின் எண்ணை மட்டும் சொல்" என்று முதலில் கேளுங்கள். நீங்களே திருத்திவிட்டு மறுபடி கொடுங்கள். அப்புறமும் மாட்டாத பிழைக்கு "ஒரே ஒரு குறிப்புக் கொடு, விடை சொல்லாதே" என்று கேளுங்கள். கடைசியில் "இந்தப் பிழை தமிழ் பேசுபவருக்கு ஏன் வருகிறது என்று தமிழில் விளக்கு" என்றால் பல சமயம் நல்ல விளக்கம் வரும். பல சமயம் என்றுதான் சொல்கிறேன். இல்லாத விதியை இருப்பது மாதிரி அடித்துச் சொல்லும் வழக்கமும் அதற்கு உண்டு, சரியான வாக்கியத்தைத் தப்பு என்றும் சொல்லும். அது சொன்ன காரணத்தை அகராதியிலோ ஸ்கெல்லிலோ ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

எந்தக் கருவிக்கும் சவாலாக இருப்பது 'எ', 'ஆன்', 'தி' மூன்றும்தான். தமிழில் இந்த வகைச் சொல்லே இல்லாததால் நமக்கும் அதுதான் சவால். "ஐ மெட் எ டாக்டர்" சரி, "ஐ மெட் தி டாக்டர்" என்பதும் சரி. முதலாவதில் யாரோ ஒரு டாக்டர், இரண்டாவதில் நமக்குள் ஏற்கெனவே பேசிவைத்த அந்த டாக்டர். படிப்பவருக்கு ஆள் யாரென்று தெரியுமா தெரியாதா என்பதுதான் கேள்வி. அதைக் கருவி எப்படிச் சொல்லும்? விட்டுப்போனதைக் காட்டும், தப்பாகத் தேர்ந்தெடுத்ததைப் பெரும்பாலும் காட்டாது. ஆக இதை நீங்களே சோதிக்க வேண்டும்: எழுதி முடித்ததும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நின்று "எந்த?" என்று கேளுங்கள். படிப்பவரால் பதில் சொல்ல முடிந்தால் 'தி'. முடியாது, அதோடு ஒன்றே ஒன்று, எண்ணக்கூடியது என்றால் 'எ' அல்லது 'ஆன்'. விதிவிலக்குகள் நிறைய உண்டு, ஆனால் இந்தக் கேள்வியே பாதிக் கிணறு தாண்ட வைத்துவிடும்.

ஒரே நேரத்தில் எல்லாப் பிழையையும் துரத்தக் கூடாது என்பதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது, அதுவும் இதே சொற்களை வைத்து. நியூசிலாந்தில் ஜான் பிட்சனர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் எழுதியதில் முதல்முறை சொல்லும்போது 'எ', மறுமுறை சொல்லும்போது 'தி' என்ற இரண்டு உபயோகத்தில் மட்டும் பிழை சுட்டிக்காட்டினார்கள். சுட்டிக்காட்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிடப் பிழை குறைத்து எழுதினார்கள், இரண்டு மாதம் கழித்தும் அது நிலைத்தது. இதற்கு முன்னால் 1996-ல் ஜான் ட்ரஸ்காட் என்பவர் இலக்கணத் திருத்தமே வீண், நிறுத்திவிடலாம் என்று வாதாடிப் பெரிய சண்டையே நடந்தது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்த்த யாருக்கும் அது தெரியும். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவோம்.

நடைமுறையில் இதை இப்படிச் செய்யலாம். ஒரு நோட்டு, அல்லது போனில் ஒரு நோட்ஸ் பக்கம். கருவி காட்டிய பிழைகளில் "அட, ஆமாம்" என்று தோன்றியதை விட்டுவிடுங்கள். "இதில் என்ன தப்பு?" என்று தோன்றியதை மட்டும் எழுதுங்கள்: நான் எழுதியது, சரியான வடிவம், என் வேலையிலிருந்து ஒரு புது வாக்கியம். அந்தப் புது வாக்கியம் முக்கியம், இலக்கணப் புத்தக வாக்கியம் வேண்டாம். 'இன்ஃபர்மேஷன்' என்றால் நாளைக்கு நீங்கள் நிஜமாக அனுப்பப்போகும் மெயிலில் வரும் 'இன்ஃபர்மேஷன்' வாக்கியமாக இருக்கட்டும். சில வாரத்தில் பார்த்தால் பட்டியல் பயந்த அளவுக்கு நீளாது, ஐந்தாறு பிழைதான் திரும்பத் திரும்ப வேஷம் மாற்றி வந்திருக்கும். அதில் அதிகம் வருவது எதுவோ அதை மட்டும் இந்த மாதம் கவனியுங்கள். மெயில் அனுப்பும் முன் கண்ட்ரோல்-எஃப் போட்டு அந்தச் சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள். 'டிஸ்கஸ்' உங்கள் வியாதி என்றால் 'டிஸ்கஸ்' என்று தேடுங்கள், பின்னால் 'அபவுட்' ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தது.

வேர்டில் 'ரீட் அலவுட்' என்று ஒரு வசதி இருக்கிறது, எழுதியதை வாசித்துக் காட்டும். எழுதியவர் கண் விட்டுப்போன சொல்லையும் இருப்பதாகவே படிக்கும். இயந்திரக் குரலுக்கு அந்தக் கருணை கிடையாது. இரண்டு முறை அடித்த 'தி', காணாமல் போன 'டு' எல்லாம் காதில் உறுத்தும்.

அந்த மெயிலில் 'ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்' மிச்சமிருக்கிறது. இது பிழையா? பிரிட்டிஷ் அலுவலகக் கடிதங்களில் ஒரு காலத்தில் புழங்கியது, அங்கே பழசாகிப்போனது, இங்கே தங்கிவிட்டது. 'ப்ரீபோன்' நாம் புழங்கிய சொல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே இந்திய இங்கிலீஷ் என்று குறிப்புப் போட்டுச் சேர்த்துக்கொண்டுவிட்டது. 'மை நேட்டிவ்' என்று ஊரைச் சொல்வதும் இங்கே எல்லாருக்கும் புரியும். இவற்றையெல்லாம் தப்பு என்று வெட்கப்பட வேண்டியதில்லை, படிப்பவர் யார் என்று மட்டும் பாருங்கள். தாம்பரத்தில் இருக்கும் வென்டாருக்கு 'நீட்ஃபுல்' தாராளமாகப் போகலாம். வெளிநாட்டு க்ளையன்ட்டுக்கு என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதையே எழுதிவிடுங்கள்: இந்த ஃபைலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்று. அதில் மொழிப் பிரச்சினையைவிட, எது 'நீட்ஃபுல்' என்று அவருக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

இரண்டு எச்சரிக்கை. ஆன்லைன் கருவியில் ஒட்டுவது எல்லாம் வேறொருவர் சர்வருக்குப் போகிறது. ஆபீஸ் மெயில் என்றால் க்ளையன்ட் பெயர், சம்பளம், பாஸ்வேர்ட், ப்ராஜெக்ட் விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒட்டுங்கள், கம்பெனி விதி என்ன சொல்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரவுசரில் எக்ஸ்டென்ஷனாகப் போட்டுவிட்டால் நீங்கள் ஒட்டாமலே அது படிக்கும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லாங்குவேஜ்டூலைச் சொந்தக் கணினியிலேயே நிறுவி ஓட்டலாம், அது இந்தக் கவலை உள்ளவர்களுக்கு.

மற்றது, ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு. அங்கே எழுத்துத் தாளில் நான்கு அளவுகோல், அதில் கால் பங்கு மதிப்பெண் இலக்கண வீச்சுக்கும் பிழையின்மைக்கும். இரண்டாவது பகுதியில் 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொல் எழுதச் சொல்வார்கள், கம்ப்யூட்டரில் எழுதினாலும் சிவப்புக் கோடு வராது. ஆகவே பயிற்சியில் ஆட்டோகரெக்டையும் கோடுகளையும் முதலில் அணைத்துவிட்டு, 40 நிமிடம் வைத்து எழுதி, நீங்களே ஒருமுறை திருத்தி, அதற்குப் பிறகு கருவியைத் திறங்கள். கருவி கண்டுபிடித்ததில் நீங்கள் ஏற்கெனவே பிடித்தது எத்தனை, விட்டது எத்தனை என்று குறித்து வைத்தால் எந்த வகைப் பிழையில் கண் இன்னும் பழகவில்லை என்பது தெரியும், அடுத்த கட்டுரையைத் திருத்தும்போது அந்த வகையை முதலில் தேடலாம்.